ஈறு நிற மவுஸ்

தெருவில் அவருக்குப் பல்லுக்காரர் என்று பெயர். மருத்துவர் அல்ல, மருத்துவர்கள் அனுப்பிவைக்கிறவர்களுக்குப் பல்செட் செய்து கொடுப்பவர். இருபத்தாறு வருடத் தொழிலில் அவர் கற்ற பாடம் ஒன்றுதான்: இம்மி ஆடினாலும் அது பல்செட் இல்லை, வாய்க்குள் கிடக்கும் கிலுகிலுப்பை.

அவர் மனைவி ஒரு கட்டட அலுவலகத்தில் கணினியில் வீட்டுப் படங்கள் வரைபவள். படியில் விழுந்து முறிந்த வலது கை கூடி வந்தபோது, ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மடங்க மறுத்துவிட்டன. கடையில் விற்கும் மவுஸில் அந்த இரண்டுக்கும்தானே வேலை. மாதக் கடைசித் திங்கட்கிழமை ஒரு முழுப் படம் வரைந்து காட்டுங்கள், முடியாவிட்டால் வருகிறவர்களுக்கு வழி சொல்லும் வாசல் மேசைக்கு மாற்றிவிடலாம் என்று மேலாளர் தன்மையாகத்தான் சொன்னார். தன்மையாகச் சொன்னதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

"நானே செஞ்சு தரேன்" என்றார் பல்லுக்காரர். மவுஸைப் பற்றி அதுவரை அவருக்குத் தெரிந்ததெல்லாம் அதற்கு வால் உண்டு என்பதுதான்.

பழைய மவுஸைப் பிரித்தார். உள்ளே நகத்தளவுகூட இல்லாத இரண்டு பொத்தான்கள். அவற்றைக் கழற்றி, மெல்லிய கம்பி பற்றவைத்து நீட்டி, ஒன்றைக் கட்டைவிரலுக்கும் மற்றதை மோதிரவிரலுக்கும் கொண்டுபோனார். முதல் தடவை உள்ளே இருந்த மின்சுற்றுப் பலகையே கருகிப்போனது. இன்னொரு மவுஸ் வாங்கி வந்தார். கூடு செய்வதற்கு, ஒரு மெழுகுக் கட்டியை மனைவியின் கையில் பிடிக்கவைத்து அச்செடுத்தார். "அசையாத. மூச்சு மட்டும் விடு" என்று எல்லா வாய்களுக்கும் சொல்வதையே கைக்கும் சொன்னார். பல்செட்டின் ஈறுக்கு ஊற்றும் பிசின்தான் பட்டறையில் இருந்தது. அதையே ஊற்றி வார்த்து மெருகேற்றினார். இளஞ்சிவப்பாகப் பளபளத்தது.

"நாலு பல்லு வச்சா கடிச்சிடும்பா" என்றாள் மகள்.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. அவர் காதில் அது விழவே இல்லை. மனைவி கையை வைத்தாள். நகமும் சதையுமாகப் பொருந்தியது.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை, டீயோடு அவள் அறைக்குப் போனார். அவள் கடை மவுஸை இடது கையில் பிடித்துச் சுவர் ஒன்றை வரைந்துகொண்டிருந்தாள். சுவர் கோணிக்கொண்டு போனது. அவர் செய்தது கைக்குட்டை போர்த்தி ஓரமாகக் கிடந்தது. அவருக்குச் சுருக்கென்றது.

"ஏன்?"

"பத்து நிமிஷத்துல கை மரத்துப்போகுது. உள்ள மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கு. மூணு வாரம் குனிஞ்ச தலை நிமிராம செஞ்சீங்க. எப்படிச் சொல்றது?"

கோபம் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. 'நல்லா இருக்கு' என்று சொல்லிப் போய், வீட்டில் பல்செட்டை டம்ளர் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டுக் குழைத்துச் சாப்பிடுகிறவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். அப்படி ஒரு வாயில்லாப் பூச்சியோடுதான் இத்தனை வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறார். ஆனால் பூச்சியைச் சொல்லி என்ன? கை அசைந்தால்தான் வேலை. அதை அசையாதே என்று அதட்டி அளவெடுத்த மேதாவி அவர்தானே.

"எங்க பிடிக்குது, சொல்லு."

"மத்தபடி எல்லாம் நல்லாத்தான்..."

"இன்னொரு தரம் நல்லா இருக்குன்னு சொன்னா தூக்கி வெளிய போட்டுடுவேன். குறை சொல்லு."

அவள் கைக்குட்டையை எடுத்துவிட்டு அதன் மேல் கையை வைத்தாள். பிறகு, "உள்ளங்கைல முட்டுது" என்றாள். அரத்தைச் சுழலவிட்டுத் தேய்த்தார். "விரல் நடுவுல இருக்கிற வரப்பு வேண்டாம்." அதையும் எடுத்தார். "இன்னும்." மெருகெல்லாம் போய், மதியத்துக்குள் அது எலி கடித்த சோப்புக்கட்டி மாதிரி ஆனது. அவர் கை இரண்டு தடவை மெருகுத் துணிக்குப் போய்த் திரும்பியது. அவளோ கை வைத்துப் பார்ப்பதும் குறை சொல்வதுமாக இருந்தாள்.

திங்கட்கிழமை அவர் கையில் ஒரு பல்லும் வரிசையில் நிற்கவில்லை. நாலு மணிக்குப் போன் வந்தது.

"முடிச்சுக் கொடுத்துட்டேங்க. மேலாளர் பாத்தார். ஒண்ணும் சொல்லாம அடுத்த படத்தை அனுப்பிட்டார்."

"சரி" என்றார்.

"அது கிடக்கட்டும். சுண்டுவிரல் பக்கம் இன்னும் உறுத்துது. நடுவுல உருட்டுற சக்கரம் விரலுக்கு எட்டவே மாட்டேங்குது. அப்புறம் அந்தக் கலரு, எனக்கு முதல்லயே பிடிக்கலை."

பல்லுக்காரர் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பென்சிலைத் தேடினார்.

"மெதுவா சொல்லு" என்றார், "எழுதிக்கிறேன்."