தையல் டீச்சர் சந்திரகாந்தா

பஸ் மாத்தளை டவுனைத் தாண்டும் வரை முத்துவீரன் வாயைத் திறக்கவில்லை. தாண்டியதும் திறந்தான். திறக்காமலே இருந்திருக்கலாம்.

"அம்மா, ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு ராசா."

"பொண்ணு வீட்டுல நீங்க தையல் டீச்சர்னு சொல்லி வச்சிருக்கேன்."

பட்டுத்துணி போர்த்திய பரிசத் தட்டை மடியில் வைத்துக்கொண்டிருந்த சந்திரகாந்தா, மகனை ஏற இறங்கப் பார்த்தாள். மிளகும் ஜாதிக்காயும் வாங்கி விற்கும் ஒரு முதலாளி கடையில் கணக்கெழுதும் பிள்ளை. பொய் சொல்லத் தெரியாத பிள்ளை என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தாள்.

"தையலா? நானா? ஒன் சட்டைக்குப் பொத்தான் அந்து விழுந்தா எதுத்த வீட்டுக்குல்லடா தூக்கிட்டு ஓடுவேன்?"

"அதான் சொல்றேன். தையலப் பத்திக் கேட்டா லேசா சிரிச்சு வைங்க. இல்ல, சிரிக்க வேணாம். சிரிச்சீங்கன்னா கண்டுபிடிச்சிருவாங்க. இன்னிக்கு ஒரு நாளைக்குப் பேசாம இருங்கம்மா."

முன் சீட்டில் இருந்து அண்ணன் பொன்னையா திரும்பினார். கோட்டும் சப்பாத்துமாக, வேர்த்து வழிந்துகொண்டிருந்தார்.

"தம்பி சொல்றது சரிதான் தங்கச்சி. பொண்ணோட பெரியப்பா இராமசாமி லேசுப்பட்ட ஆளு இல்ல. முந்தி ஒரு மாப்பிள்ள வீடு வந்தப்ப, மாப்பிள்ளையோட தம்பி திருவிழாவுல பொம்பள வேஷம் கட்டி ஆடினான்னு தட்டத் திருப்பி அனுப்பிட்டாராம். தெரியுமா?"

பெண் கமலாட்சிக்கு இருபத்தெட்டு வயது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். தகப்பன் இறந்து, தம்பி தங்கைகளைக் கரையேற்றுவதற்குள் வயது ஓடிவிட்டது. முத்துவீரன் அவளை பஸ் ஸ்டாண்டில் பார்த்து, பேசி, மனசைக் கொடுத்துவிட்டான். கட்டினால் அவள், இல்லாவிட்டால் யாருமில்லை என்று நின்றான். இந்தத் தட்டும் திரும்பி வந்தால் அவன் என்ன ஆவான் என்று சந்திரகாந்தாவுக்குத் தெரியும். ஒன்றும் சொல்ல மாட்டான். சாப்பிட மாட்டான். அப்படியே தேய்ந்து போவான். அவன் அப்பா மாதிரி.

"சரிடா, பேசல" என்றாள்.

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொக்கோ மரங்கள் பின்னால் ஓடின. வலித்தது, வலிக்காமலா? ஆனால் பிள்ளை மேல் கோபப்பட முடியவில்லை. அவள் தொழில் அப்படி.

அவள் பெயரைக் கேட்டால் கதாநாயகி பெயர். கதாநாயகியாகத்தான் மேடையும் ஏறினாள். ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், காலையில் ஆட்களைப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் சாக்குப் படுதா கட்டி நாடகம். பதினேழு வயசுப் பெண், இடுப்பில் குடத்தோடு ஒயிலாக நடந்து வந்தவள் தன் சேலைத் தலைப்பைத் தானே மிதித்தாள். குப்புற விழுந்தாள். குடம் உருண்டுபோய் முன்வரிசையில் இருந்த பெரிய கங்காணியின் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. சனம் சிரித்த சிரிப்பில் பெட்ரோமாக்ஸ் விளக்கே ஆடியதாம். அழுதுகொண்டு உள்ளே போனவளிடம் நாடகக் கம்பெனி முதலாளி சொன்னார்: "புள்ள, நாளையில இருந்து தெனம் விழு."

அன்றிலிருந்து விழுந்துகொண்டேதான் இருந்தாள். நரைத்த டோப்பா, கரி பூசிய முன்பல், இடுப்பில் தலையணை. வேஷத்தைக் கலைத்தால் பக்கத்தில் இருப்பவனுக்கும் அடையாளம் தெரியாது. வேஷத்தோடு பார்த்தால் உக்குவளையில் இருந்து பதுளை வரை குழந்தைகள் "பலாக்காய் மாமியார் வருதுடோய்!" என்று கத்தும். அவளுடைய பரிசம் போடும் சீன் அவ்வளவு பேர்போனது. ஆர்மோனியம் வாசித்த அழகையா அவளைக் கட்டிக்கொண்டதும் அந்த மாமியாரைப் பார்த்துத்தான். "ராசாத்தி வேஷத்துக்காரிகள வருசம் பூராப் பாத்தாச்சு. எனக்கு ஒன்னயப் பாத்தாத்தான் பசி எடுக்குது" என்பார். நல்ல மனுசன். அவர் செத்த அன்று இவள் நெஞ்சில் அடித்து அழுதபோது கூட்டத்தில் ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டாள். பாவம், அவளும் என்ன செய்வாள். சந்திரகாந்தா அழும்போதெல்லாம் சிரித்துப் பழகியவள். அதற்குப் பிறகு சந்திரகாந்தா அழுவதென்றால் கதவைச் சாத்திக்கொண்டுதான்.

அலுவிகாரையில் இறங்கினார்கள். பெண் வீடு ரோட்டுக்குக் கொஞ்சம் உள்ளே. வில்கமுவப் பக்கம், நாடகக்காரர்கள் எட்டிப் பார்க்காத இடத்தில் சில்லறைக் கடை வைத்திருந்த குடும்பம். தகப்பன் போன பிறகுதான் இங்கே வந்தது. வாசலில் மாவிலை. உள்ளே பாய் விரித்திருந்தது. எங்கே பார்த்தாலும் கைவேலை. மேசை மேல் ரோஜாப்பூப் போட்ட துணி, கதிரைகளின் முதுகுக்குப் பின்னல் துணி, சுவரில் கண்ணாடி போட்டு மாட்டிய இரண்டு கிளிகள்.

"எல்லாம் எங்க கமலாட்சி கைவேலதான் சம்பந்தி" என்றாள் பெண்ணின் அம்மா. மேசைத்துணியின் ஒரு முனையைத் தூக்கி நீட்டினாள். "நீங்க பெரிய டீச்சர். கொற இருந்தாச் சொல்லணும்."

சந்திரகாந்தா மகனைப் பார்த்தாள். மகன் கூரையைப் பார்த்தான். சரி, இதுவும் ஒரு வேஷம் என்று துணியை வாங்கினாள். கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். தூர வைத்தாள். புரட்டிப் பின்பக்கம் பார்த்தாள். பிறகு மூக்கு நுனியால், "ம்" என்றாள்.

அந்த ஒரு "ம்"முக்குப் பெண்ணின் அம்மாவுக்கு முகம் வெளிறிவிட்டது. ஏன் என்று சந்திரகாந்தாவுக்கு விளங்கவில்லை.

பெரியப்பா இராமசாமி வந்து நடுப்பாயில் உட்கார்ந்தார். நெற்றி நிறைய விபூதி. எதிரே பொன்னையா. நடுவில் தட்டுகள். பரிசம் போடும்போது பெண் வீட்டார் ஒன்றும் தெரியாதவர்கள் போல் எதற்கு வந்தீர்கள் என்று கேட்க வேண்டும். மாப்பிள்ளையின் தாய்மாமன் சபைக்கு முன்னால் அழகாகப் பதில் சொல்ல வேண்டும். அதுதான் முறை. பொன்னையா ஒரு வாரமாகப் பாடம் பண்ணியிருந்தார். "ஒங்க தோட்டத்துல ஒரு ரோசாக்கன்னு பூத்திருக்குன்னு கேள்விப்பட்டோம், அத எங்க வாசல்ல நட்டு வளக்க வந்தோம்." இவ்வளவுதான். கணக்கப்பிள்ளையாக இருந்த காலத்தில் பெரட்டில் அவர் பேர் கூப்பிட்டால் அடுத்த மலைக்குக் கேட்கும். ஆனால் அது பேர் கூப்பிடுவது. இது சபை.

இராமசாமி தொண்டையைச் செருமினார். "இத்தன பேரு தட்டு ஏந்திக்கிட்டு வந்திருக்கீங்க. என்னா காரியமா வந்தீங்க?"

"ஒங்க தோட்டத்துல..." என்றார் பொன்னையா.

சபை காத்திருந்தது.

"ஒங்க தோட்டத்துல..."

வேர்வை மூக்கு நுனியில் வந்து நின்றது. "தோட்டத்துல..." மூன்றாம் தடவை. அதற்கு மேல் வரவில்லை.

மேடையில் ஒருத்தன் வசனம் மறந்து நின்றால் பக்கத்தில் இருப்பவர் உதடு அசையாமல் எடுத்துக் கொடுக்க வேண்டும். அது நாடகக்காரர் தர்மம். யோசிக்க நேரமே கிடையாது. சந்திரகாந்தாவும் யோசிக்கவில்லை. அண்ணனின் முதுகுக்குப் பின்னால் இருந்து அவள் வாய் தானாக வேலை செய்தது. அவள் வாய்க்குத் தெரிந்த பரிசப் பேச்சு ஒன்றே ஒன்றுதான்.

அவள் முணுமுணுக்க, ஆற்றில் போகிறவனுக்குக் கயிறு கிடைத்த மாதிரி பொன்னையா அதைப் பிடித்துக்கொண்டு பெரட்டுக் குரலில் முழங்கினார்.

"ஒங்க தோட்டத்துப் பலா மரத்துல ஒரு காய் பழுத்துப் போச்சாம்! வாசம் எங்க வீடு வரைக்கும் அடிக்கிது! வெடிச்சுக் கீழ விழ முந்தி..."

அப்போதுதான் தன் வாயிலிருந்து போவது என்னவென்று சந்திரகாந்தாவின் காதுக்கு எட்டியது. சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். தங்கச்சியின் நாடகம் ஒன்றைக்கூட வாழ்நாளில் பார்த்திராத பொன்னையா, திரும்பி, ஊருக்கே கேட்கிற மாதிரிக் கேட்டார்:

"அப்புறம்?"

இருபத்தெட்டு வயசுப் பெண்ணைக் கேட்டு வந்து, பழுத்த பலாக்காய் என்று சொல்லியாயிற்று. தட்டு திரும்பப் போகிறது. சந்திரகாந்தா பிள்ளையின் வாழ்க்கையைத் தன் வாயாலேயே கவிழ்த்துவிட்டாள்.

இராமசாமி மெல்ல எழுந்தார். "இது யாரு எடுத்துக் குடுத்த பேச்சு?"

பொன்னையா கைகாட்டினார். மனுசன் கொஞ்சமும் தயங்கவில்லை.

"தையல் டீச்சரா?" இராமசாமி முத்துவீரன் பக்கம் திரும்பினார். "தம்பி, நீ சொல்லு. யாரு இவங்க?"

சந்திரகாந்தா மகனைப் பார்க்கவில்லை. தட்டில் இருந்த தேங்காயைப் பார்த்தாள். பிள்ளை என்ன சொன்னாலும் சரி என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டாள். புத்தி கொஞ்சம் சரியில்லை என்றாலும் சரி, தூரத்துச் சொந்தம் என்றாலும் சரி.

முத்துவீரன் எழுந்து நின்றான்.

"எங்கம்மா நாடக நடிகைங்க. சிரிப்பு வேஷம் போடுறவங்க. என்னைய அந்தத் தொழில வச்சுத்தான் வளத்தாங்க. தையல் டீச்சர்னு பொய் சொன்னது நான். அவங்களுக்கு இன்னிக்கு பஸ்ஸுலதான் தெரியும்."

பெண்ணின் அம்மா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு பாயில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"அப்ப நீங்க தையல் டீச்சர் இல்லியா?"

"இல்ல சம்பந்தி."

"தையலே தெரியாதா?"

"ஊசி எந்தப் பக்கம் குத்தும்னு மட்டும் தெரியும்."

"அம்மா மாரியாத்தா!" என்று அவள் விட்ட மூச்சில் மேசைத்துணியே அசைந்திருக்கும். "ஒரு மாசமா எனக்குத் தூக்கம் இல்ல சம்பந்தி. மாமியாக்காரி தையல் டீச்சர்னு சொன்ன நாள்ல இருந்து இதே பயந்தான். எங்க புள்ளைக்கு ஊசியில நூல் கோக்கவும் தெரியாது!"

உள் அறைக் கதவுக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். அடக்கி, அடக்க முடியாமல், மூக்கால் வெடித்த சிரிப்பு. கமலாட்சிதான். "பலாக்கா... வெடிச்சுக் கீழ..." என்று சொல்ல முயன்று, மறுபடியும் சிரிப்பு.

இராமசாமி மேசையையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு மாசமாக வருகிற போகிற எல்லோருக்கும் அந்தக் கிளிகளைக் காட்டிப் பெருமையடித்தவர் அவர்.

"அப்ப இந்த வேலையெல்லாம்?"

குசினியில் இருந்து பக்கத்து வீட்டு ஜுனைதா முக்காட்டைச் சரிசெய்துகொண்டே எட்டிப் பார்த்தாள். இராமசாமியை அவள் அண்ணன் முறை வைத்து 'நானா' என்றுதான் கூப்பிடுவாள்.

"அது எண்ட வேல நானா. கமலாட்சிட உம்மா இரவல் கேட்டாங்க. கலியாணக் காரியம்தானேன்னு குடுத்தேன். கிளி ரெண்டும் பத்திரம், எண்ட மாமி வந்து கேப்பாங்க."

இராமசாமி உட்கார்ந்தார். கோபப்படுவதென்றால் இப்போது யார் மேல் படுவது? அந்தப் பக்கமும் பொய், இந்தப் பக்கமும் பொய். தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். பிறகு அவர் தோள் குலுங்கியது. ஐயையோ, அழுகிறாரோ என்று சந்திரகாந்தா பயந்தே போனாள். நிமிர்ந்தபோது மனுசனுக்குக் கண்ணில் தண்ணி.

"அப்புறமாம்ல!" என்றார் பொன்னையாவைப் பார்த்து. "சபையில நின்னுக்கிட்டு, 'அப்புறம்?'னு கேக்குறாரு பாரு!"

அதற்குப் பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. பொன்னையாவுக்கு மட்டும் இன்னும் விளங்கவில்லை. "ஏன், என்னா தப்பாச் சொல்லிப்புட்டேன்?" என்று கோட்டுப் பொத்தானைத் தடவிக்கொண்டிருந்தார்.

ஓய்ந்ததும் இராமசாமி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இருந்தாலும் மொறைன்னு ஒண்ணு இருக்கு. சிரிச்சுக்கிட்டே பொண்ணு குடுக்க ஏலாது. மறுபடி கேக்குறேன். இந்தத் தடவ தாயே பதில் சொல்லட்டும். என்னா காரியமா வந்தீங்க?"

சந்திரகாந்தாவுக்கு ரோஜாக்கன்று வசனம் ஞாபகம் வரவில்லை. தேடவும் இல்லை.

"ஒங்க கமலாட்சிய எங்க முத்துவீரனுக்குக் கேட்டு வந்திருக்கோம்ணே. குடுத்தீங்கன்னா நல்லா வச்சுக்குவோம்."

ஒருவரும் சிரிக்கவில்லை. அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எடுத்துக்கொண்டார்கள். இராமசாமி எழுந்து வந்து தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

மேடையில் இத்தனை வருஷம் விழுந்து எழும்பியும் உடம்பு இவ்வளவு வலித்ததில்லை என்று சந்திரகாந்தா நினைத்துக்கொண்டாள். முத்துவீரன் பக்கத்தில் வந்து, "அம்மா, வந்து..." என்று இழுத்தான்.

"அப்புறமா அழு. இப்ப எல போட்டுட்டாங்க, போ" என்று அவனைத் தள்ளிவிட்டாள்.

பந்தியில் கமலாட்சியின் அம்மாதான் பரிமாறினாள். "சம்பந்தி, இன்னொரு அப்பளம்?"

"ரெண்டா வைங்க. காலையில இருந்து டீச்சரா இருந்து பசி உசுர எடுக்குது."

பந்தி முழுக்கச் சிரித்தது. சந்திரகாந்தா அப்பளத்தை நொறுக்கிச் சோற்றில் போட்டுக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிட்டாள்.