கிளட்ச் தேடிய கால்

டீசல் பிக்கப் வண்டி இப்போதெல்லாம் கிளட்ச் வைத்து வருவதே இல்லை. வேறு வழியின்றி ஆர்வில் ஆட்டோமேட்டிக் வாங்கினான். "கியர் போடத் தெரியாதவன் ஓட்டுற வண்டி" என்று வயோமிங் மாநிலம் முழுக்கக் கேலி பேசியவன் அவன்தான்.

பண்ணைக்காரி வெர்னாவின் பந்தயக் குதிரையைப் பின்னால் கோத்த டிரெய்லரில் ஏற்றி வந்தபோது, வளைவில் பழக்கதோஷத்தில் இடதுகால் கிளட்சைத் தேடி ஓங்கி மிதித்தது. மிதிபட்டது பிரேக். பின்னால் குதிரை தடாலென்று விழுந்தது.

பண்ணை வாசலில் வெர்னா அதன் முழங்காலில் ரத்தத்தைப் பார்த்துப் பதறினாள்.

"என்னய்யா இது! மான் எதுவும் குறுக்க வந்துச்சா?"

"ஆமா."

"நல்லவேளை, நீ ஓட்டுன. கிளட்சே மிதிச்சறியாத பய எவனாவது ஓட்டியிருந்தா குதிரையே போயிருக்கும்."

குதிரையை இறக்கிவிட்டு ஆர்வில் வண்டியைக் கிளப்பினான். வீடுவரை இடதுகாலை இருக்கைக்கடியில் மடக்கியே வைத்திருந்தான்.