செலரி யாருக்கு?

மார்ஜோரி கீன் மே மாதத்தில் எங்கள் ஊருக்கு வந்தாள். தொலைக்காட்சிக்குக் குடும்பப் படங்கள் எழுதுபவள். எங்களைப் போல் காரும் மின்சாரமும் இல்லாமல் வாழும் ஆமிஷ் சபைப் பெண் ஒருத்தியின் காதலைச் சொல்லும் நாவல் ஒன்றை அப்போது படமாக எழுதிக்கொண்டிருந்தாள். பக்கத்துக்குப் பக்கம் மஞ்சள் காகிதம் ஒட்டிய அந்த நாவலுடன் விவசாயி ஈலம் ரீலின் சமையலறையில் உட்கார்ந்து, அக்டோபரில் எடுக்கப்போகும் கல்யாணக் காட்சிக்கு நானூறு செலரிச் செடிகள் வேண்டும் என்று கேட்டாள். எங்கள் கல்யாணங்களில் பூ கிடையாது. மேசைகளில் கண்ணாடி ஜாடி நிறைய செலரித் தண்டுகள்தான் நிற்கும், பந்தியிலும் அதுதான். நாவலில் இதெல்லாம் சரியாகவே இருந்தது.

"எங்க ஆளுங்க யாரையும் படம் எடுக்கக் கூடாது," என்றார் ஈலம்.

"செடியை மட்டும்தாங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

ஈலம் ஒத்துக்கொண்டார். யாருக்காகப் பயிரிடுகிறோம் என்று வெளியே பேச வேண்டாம் என வீட்டில் சொல்லிவைத்தார். ரீல் குடும்பம் சினிமாவுக்கு விவசாயம் பார்க்கிறது என்று பிஷப்பின் காதில் விழுவதை அவர் விரும்பவில்லை.

மற்றதை அவர் யோசிக்கவில்லை. எங்களில் கல்யாணம் நிச்சயமானால், இலையுதிர் காலத்தில் சபையில் அறிவிக்கும்வரை பெண்ணும் மாப்பிள்ளையும் மூச்சு விடமாட்டார்கள். அதனால் ஜூலை பிறந்ததும் எல்லோரும் அடுத்த வீட்டுத் தோட்டத்தை எட்டிப் பார்ப்பார்கள். இரண்டு டஜன் செலரி என்றால் சமையலுக்கு. நானூறு என்றால் அந்த வீட்டில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம். ஈலமின் வீட்டில் கல்யாணமாகாத பெண் ஒருத்திதான் இருந்தாள். மலிண்டா, இருபத்தேழு வயது.

முதலில் வந்தவள் பக்கத்துப் பண்ணை பார்பி ஸூக்.

"என்னடி மலிண்டா, இந்த வருஷம் உங்க வீட்டுல எல்லாருக்கும் செலரி மேல இவ்வளவு ஆசை?"

"அப்பா விக்கறதுக்குப் போட்டிருக்கார், அக்கா."

"ஆமா ஆமா. என் கல்யாண வருஷம் எங்க அப்பாகூட விக்கறதுக்குன்னுதான் சொன்னார். இப்ப ஆறு பிள்ளை!"

பொறுக்க முடியாமல் மலிண்டா ஒருநாள் அவளிடம் உண்மையையே சொல்லிவிட்டாள். ஏதோ ஒரு படத்துக்கு வேண்டுமாம், அவ்வளவுதான் என்றாள். பார்பி ஏப்ரனில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள்.

"படமா! இது புதுசா இருக்கேடி. என் பொண்ணுக்கும் சொல்லிவைக்கறேன், அவளுக்கு ஒருநாள் உதவும்."

இந்தச் சிரிப்போடு போயிருந்தால் மலிண்டா பொருட்படுத்தியிருக்க மாட்டாள். ஆனால் லாடம் அடிக்கும் பெனுவெல் ஸ்மக்கர் வருவதை நிறுத்திவிட்டான். இரண்டு வருடங்களாக அவன்தான் அவர்கள் குதிரைகளுக்கு லாடம் மாற்றுவான். வேலை முடிந்த பிறகும் லாயத்து வாசலில் நின்று மழையைப் பற்றியும் கோதுமையைப் பற்றியும் மெதுவாகப் பேசிக்கொண்டிருப்பான். அவன் இன்னும் எதையும் கேட்கவில்லை. கேட்பான் என்று அவள் நினைத்திருந்தாள்.

ஆகஸ்டில் அவனுக்குப் பதில் தம்பி ஓமர் வந்தான்.

"அண்ணனுக்கு என்ன ஆச்சு?"

"கல்யாண வீட்டுல எனக்கென்ன வேலைங்கறான்."

"இங்க கல்யாணமே இல்லை, ஓமர்!"

ஓமர் குதிரையின் காலைத் தூக்கியபடியே சிரித்தான். "எங்க அக்காவும் கடைசி நாள் வரைக்கும் இதையேதான் சொன்னா. அண்ணன் குளிருக்கு முன்னாடி கென்டக்கி போறான். அங்க சித்தப்பா பக்கத்துல நிலம் விலைக்கு வருதாம். அங்கேயே இருந்துடுவான்னு நினைக்கறேன்."

கல்யாணம் நிச்சயமான பெண்ணும் இல்லை என்பாள், நிச்சயமாகாத பெண்ணும் இல்லை என்பாள். மலிண்டாவுக்குச் சொல்ல வேறு வார்த்தை இருக்கவில்லை.

அக்டோபரில் மார்ஜோரி மறுபடி வந்தாள். முகம் சரியாக இல்லை. சேனல்காரர்கள் கல்யாணத்தை வசந்தத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஆப்பிள் மரம் பூத்திருக்க வேண்டுமாம், பெண் கையில் வெள்ளைப் பூங்கொத்து வேண்டுமாம். செலரி வேண்டாம்.

"வசந்தத்துலயா? அப்ப உழறது யாரு?" என்றாள் மலிண்டா.

"நானும் அதைத்தான் கேட்டேன். இன்னொண்ணையும் எடுத்துட்டாங்க. கல்யாண அறிவிப்பு ஞாயித்துக்கிழமை அந்தப் பொண்ணு சபைக்கு வராம, மாப்பிள்ளைக்குச் சமைச்சுக்கிட்டு வீட்டுல இருப்பா இல்லையா? நாவல்லயே எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் அது. பெஞ்சில ஒருத்தி இல்லைங்கறதை எப்படிம்மா படமா எடுக்கறதுன்னு கேக்கறாங்க. யாருக்குப் புரியும்?"

"எங்களுக்குப் புரியும்," என்றாள் மலிண்டா.

மார்ஜோரி போன பிறகு, அறிவிப்பு ஞாயிறுக்கு இன்னும் எத்தனை நாள் என்று அவள் எண்ணிப் பார்த்தாள்.

அறிவிப்பு ஞாயிறு வந்தது. எங்களுக்குத் தனி ஆலயம் கிடையாது, வீட்டுக்கு வீடு முறைவைத்துக் கூடுவோம்; சபை அன்று லாப் குடும்பத்தின் களஞ்சியத்தில் கூடியது.

"இன்னைக்கு வீட்டுலயே இரேன்," என்றாள் அம்மா. "செலரி போட்டும் மாப்பிள்ளை வரலைன்னு ஊரே உன்னைப் பார்த்துப் பரிதாபப்படும்."

"படட்டும்மா. எல்லாரும் என்னை அங்க பார்க்கணும்னுதான் வரேன்."

பெண்கள் பக்கத்தில் எல்லோர் கண்ணிலும் படும் பெஞ்சில் அவள் உட்கார்ந்தாள். ஆராதனையின் முடிவில் இரண்டு ஜோடிகளின் பெயர்கள் வாசிக்கப்பட்டன. அந்த இரண்டு பெண்களும் அங்கே இல்லை. மலிண்டா இருந்தாள். பார்பி திரும்பிப் பார்த்து, வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள். இன்னும் சில தலைகள் திரும்பின. மலிண்டாவின் காதுகள் சூடாயின. எதிர்ப் பக்கத்தில் பெனுவெல் தன் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தான். கடைசி ஜெபத்துக்கு எல்லோரும் முழங்காலிட்டபோது அவன் ஒரு கணம் தாமதித்தே முழங்காலிட்டான்.

பந்தியில் கல்யாணமாகாத பெண்கள்தான் பரிமாறுவார்கள். மலிண்டா ஆண்கள் மேசையில் காபி ஊற்றிக்கொண்டே வந்தாள். பெனுவெல் தன் கோப்பையைக் கையால் மூடிக்கொண்டான்.

"வேண்டாமா?"

"வேணும். அதுக்கு முன்னாடி..." அவன் குரல் தேவைக்கு அதிகமாக உயர்ந்துவிட்டது. "இன்னைக்கு நான் உன்னை வண்டியில வீட்டுல கொண்டு விடட்டுமா?"

எங்களில் இதை யாரும் பகலில், பத்துப் பேர் நடுவில் கேட்பதில்லை. ஒருவன் தன் மனசைச் சொல்ல, இருட்டிய பிறகு வேலியோரம் கேட்கிற கேள்வி இது. மேசை முழுக்க ரொட்டியில் கடலை வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த கத்திகள் நின்றன.

"அப்பா அம்மாவோட வந்திருக்கேன்," என்றாள் மலிண்டா. "அப்பாவைத்தான் கேக்கணும்."

ஈலம் அதே மேசையின் கோடியில் இருந்தார். ரொட்டியை நிதானமாக மென்று விழுங்கினார்.

"எங்க வண்டியில இடம் ரொம்ப நெருக்கம்ப்பா," என்றார்.

நான்கு பேர் தாராளமாக உட்காரும் வண்டியில் அன்று அவர்கள் மூன்று பேர்தான் வந்திருந்தார்கள். பெனுவெல் கோப்பையிலிருந்து கையை எடுத்தான்.