லெம்ஸார் கிணற்றின் குசலம்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். வேண்டுமானால் ஒட்டகத்தின் தலையில் அடித்தே சத்தியம் செய்யலாம். கடிக்காத ஒட்டகமாகப் பார்த்து யாராவது பிடித்துவர வேண்டும், அவ்வளவுதான்.

ஸ்ஃபாக்ஸ் ஊர்க்காரி ஜலீலாவுக்கு அலுவலகமும் கிடையாது, மேலதிகாரியும் கிடையாது. ஒரு மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு, இல்லாதவர்களுக்கு உதவும் கருவிகளைச் செய்து தருகிறேன் என்று தேசம் தேசமாகப் போய்க்கொண்டிருந்தாள். யேமனில் வைத்த கருவியை ஆடு தின்றது. சூடானில் வைத்ததை வெள்ளம் கொண்டுபோயிற்று. "ஒழுங்கா ஒரு வேலையைத் தேடிக்கோ" என்று அப்பா சொல்லும்போதெல்லாம், "இந்த ஒண்ண முடிச்சிட்டு வரேம்பா" என்பாள்.

இந்த ஒன்று மௌரித்தானியாவில். வறட்சியில் மேய்ப்பர்கள் நாள்கணக்கில் ஒட்டகங்களை நடத்திப் போவார்கள். போய்ச் சேர்ந்தால் கிணறு வறண்டு கிடக்கும். திரும்பி வர ஒட்டகத்துக்குத் தெம்பிருக்காது. சிதாத்தி என்ற மேய்ப்பன் போன வருஷம் மந்தையில் பாதியை அப்படித்தான் பறிகொடுத்தான். இனி ஒரு ஒட்டகமும் வறண்ட கிணற்றைத் தேடிப் போகக்கூடாது என்று ஜலீலா கிணறுதோறும் ஒரு கருவி வைத்தாள். தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று அதுவே மேய்ப்பர்களுக்குப் போன் போட்டுச் சொல்லும்.

சொல்லத்தான் செய்தது. எல்லோரும் பாதியிலேயே போனை வைத்துவிட்டார்கள்.

"ஏண்ணே வச்சிட்டீங்க?" என்று சிதாத்தியிடம் கேட்டாள்.

"பின்ன என்ன தங்கச்சி? சலாம் இல்ல, குசலம் இல்ல, வாயத் தெறந்ததும் தண்ணிங்குது. யார் வீட்டுல வளந்துச்சு அது?"

"அது மெஷின்ணே!"

"மெஷின்னா மரியாத வேணாமா?"

நியாயம்தான். சிதாத்தியின் மனைவி லாலியா குசலம் விசாரிப்பதில் அந்த வட்டாரத்தில் பெயர்பெற்றவள். அவள் குரலைப் பதிவுசெய்து கருவியில் ஏற்றினாள் ஜலீலா. கிணறு இப்போது சலாம் சொன்னது. உடம்பு எப்படி, கூடாரம் எப்படி, ஒட்டகம் எப்படி என்று கேட்டு, "லாபாஸ், நலம்தான்" என்ற பதில் வரும்வரை பொறுமையாகக் காத்திருந்தது. மேய்ப்பர்கள் மயங்கிப்போனார்கள். கால் சுளுக்கிய ஒட்டகத்தை மறுவாரம் மறக்காமல் விசாரித்ததில், ஒருவன் தன் மகள் கல்யாணத்துக்குக் கிணற்றை அழைத்தும்விட்டான்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு கிணற்றின் சேதி அடுத்த கிணற்றுக்கும் தெரியட்டுமே என்று ஜலீலா அவற்றை இணைத்துவிட்டாள். லெம்ஸார் கிணறு தென்வால் கிணற்றைக் கூப்பிட்டு, "உடம்பு எப்படி?" என்றது. "லாபாஸ். உன் உடம்பு எப்படி?" என்றது தென்வால். குசலம் முடியாமல் விஷயத்துக்கு வருவது அழகல்ல. முதலில் முடிப்பதும் அழகல்ல. இரண்டும் நாள் முழுக்க விசாரித்தன. மறுநாளும் விசாரித்தன. மேய்ப்பர்களின் போன்கள் வாயடைத்துக் கிடந்தன.

பணம் கொடுத்த அறக்கட்டளையின் பெராஞ்ஜே அந்த நேரம் பார்த்துத்தான் வந்து இறங்கினார். "ஒரு போனும் அடிக்கலையே? கழட்டி வண்டியில ஏத்துங்க" என்றார்.

சிதாத்தி மிச்சமிருந்த ஒட்டகங்களோடு புறப்பட்டு நின்றான். "தென்வாலா, லெம்ஸாரா? சொல்லு தங்கச்சி. இந்தத் தடவ தப்பினா எங்கிட்ட கயிறுதான் மிஞ்சும்."

"இணைப்ப வெட்டிடறேண்ணே."

"பேசிக்கிட்டு இருக்கறவங்கள நடுவுலயா? நாளைக்கு எந்தக் கிணறு நம்மள மதிக்கும்?" என்றாள் லாலியா. "புதுசா விருந்தாளி வந்தா ரெண்டு பேரும் பேச்ச விட்டுட்டு அவங்களத்தான் கவனிக்கணும். நீ உள்ள போ."

ஜலீலா அந்த இணைப்புக்குள் போன் போட்டு, "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றாள். இரண்டு கிணறும் சட்டென்று பேச்சை நிறுத்தின. பிறகு இரண்டும் அவள்மேல் பாய்ந்தன. அம்மா எப்படி? லாபாஸ். அண்ணன் பிள்ளைகள்? லாபாஸ். உன் ஒட்டகங்கள்? பிறந்ததிலிருந்து ஒரு ஒட்டகத்துக்கும் அவள் சொந்தக்காரியல்ல, லாபாஸ் என்றாள். மூன்று சுற்றுத் தேநீர் முடிந்தது, தொண்டை கட்டியது, பெராஞ்ஜே கடிகாரத்தைப் பார்த்தார். அவள் போனை வைக்கவில்லை.

"வேலை எப்படிப் போகுது?" என்றது லெம்ஸார்.

பெராஞ்ஜேயின் கையிலிருந்த திருப்புளியைப் பார்த்துக்கொண்டே, பல்லைக் கடித்து, "லாபாஸ்" என்றாள்.

கேட்க ஒன்றும் மிச்சமில்லாமல் கிணறுகள் விஷயத்துக்கு வந்தன. "எங்கிட்ட மணல்தான் இருக்கு" என்றது தென்வால். "எங்கிட்ட நெறைய இருக்கு, வாங்க" என்றது லெம்ஸார்.

சிதாத்தி ஒட்டகங்களை லெம்ஸார் பக்கம் திருப்பினான். பெராஞ்ஜே திருப்புளியைப் பைக்குள் போட்டுவிட்டு, "இன்னும் எத்தன கிணத்துக்கு வைக்கலாம்?" என்றார். இருக்கிற கிணறு எல்லாவற்றுக்கும் என்றாள் ஜலீலா, கட்டிப்போன குரலில்.

அந்த வட்டாரத்தில் செல்போன் கோபுரம் இன்னும் வரவில்லை.