ஜெயரதியின் பங்கு

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு சீனியம்மாள் அக்கா என்னைத் தேடுகிறார், கழுத்தை இப்படி நீட்டுகிறார், அப்படி நீட்டுகிறார், பச்சைப் பட்டுச் சேலைக்குக் கீழே மகள் ஜெயரதி வாங்கி அனுப்பிய வெள்ளை ஷூ, தோளில் பை, பாஸ்போர்ட்டை யாரோ பிடுங்கிக்கொண்டு ஓடப்போகிறார்கள் என்பதுபோல நெஞ்சோடு சேர்த்த பிடி, பின்னால் வருகிறவர்கள் இடித்துக்கொண்டு போகிறார்கள், நகர்ந்து தொலையுங்களேன் அக்கா என்று மனசுக்குள் திட்டுகிறேன், நான் எங்கே அவர் கண்ணில் படப்போகிறேன், வழக்கம்போல் கூட்டத்துக்குப் பின்னால் தூணோரம் அல்லவா நிற்கிறேன், மதுரை விமான நிலையத்தில் இது என் இடம், கல்லூரியில் பாடம் நடத்துகிறவள் நான், எத்தனை பிள்ளைகளை இங்கிருந்து ஏற்றி அனுப்பியிருப்பேன், கண்ணாடியோரம் பெற்றவர்களுக்கு, பின்வரிசை டீச்சருக்கு, எட்டிப் பார்த்து ஒரு கையசைப்பு, அதோடு சரி, மற்றபடி அழுகிற அம்மாக்களைத் தேற்றுவது என் வேலை, ரெண்டு வருஷம்தானேம்மா, கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள ஓடிரும், இதை நான் தூக்கத்தில்கூடச் சொல்வேன்.

அருப்புக்கோட்டையில் வேதியியலைவிட அதிகமாக நான் நடத்தியது வெளிநாட்டைத்தான், போங்கடி, போங்கடா, உலகம் பைபாஸ் ரோட்டோடு முடிந்துவிடவில்லை என்று கத்துவேன், எந்த நாட்டில் எந்தப் படிப்புக்கு உதவித்தொகை தருகிறார்கள் என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பேன், இத்தனைக்கும் நான் எங்கேயும் போனதில்லை, எனக்கும் ஒரு வாய்ப்பு வந்தது, அப்போது அம்மா படுக்கையில் இருந்தார், என்னை விட்டுட்டுப் போகாத என்றார், இருந்தேன், அவர்தான் போய்விட்டார், அதற்குப் பிறகு போ என்று சொல்லவும் போகாதே என்று தடுக்கவும் வீட்டில் ஆளில்லை, சரி, நான் மற்றவர்களுக்குச் சொல்லலாமே என்று கிளம்பிவிட்டேன்போலும். ஜெயரதிக்குக் கனடாவில் இடம் கிடைத்து, படிப்புச் செலவையும் நாங்களே ஏற்கிறோம் என்று பல்கலைக்கழகம் எழுதியும் அவள் முகத்தில் சிரிப்பில்லை, அம்மா விடாது மேடம் என்றாள், அப்பா இல்லாத பிள்ளை, ஒரே பிள்ளை, அம்மா மாவு மில் வைத்திருக்கிறார், நான் பேசுறேன் வா என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன், போன நேரம் மிளகாய் அரைக்கிற நேரம், வாசல் முழுக்க டப்பாவும் வாளியுமாகப் பெண்கள், ஆளுக்கு ஒரு தும்மல், மெஷின் சத்தத்தில் நான் சொல்வது எனக்கே கேட்கவில்லை, சீனியம்மாள் அக்கா காதைக் காட்டி என்ன, என்ன என்கிறார், நான் நரம்பு புடைக்கக் கத்துகிறேன், கரெக்டாக அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போகிறது, மெஷின் நின்றுவிட்டது, நான் நிற்கவில்லை, ஒங்க பொண்ணு கனடாவுக்குப் போகணும்க்கா என்று நான் போட்ட சத்தம் அடுத்த தெருவரை போயிருக்கும்.

அடேயப்பா, அதற்குப் பிறகு என்னிடம் பேச்சே இல்லை, வரிசையில் நின்றவர்களே எடுத்துக்கொண்டார்கள், கனடாவா, அங்க ஐஸாக் கொட்டுமே என்றாள் ஒருத்தி, வயசுப் பொண்ணைக் கட்டிக்குடுத்துல்ல அனுப்பணும் என்றாள் இன்னொருத்தி, சோத்துக்கு என்ன செய்யும் என்றது பின்னாலிருந்து ஒரு குரல், அக்கா முந்தானையால் முகத்தில் படிந்த மிளகாய்ப் பொடியைத் துடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார், பிறகு என்னிடம் திரும்பி, அதெல்லாம் கெடக்கட்டும் டீச்சர், அங்க எம்பிள்ளைக்கு ஒண்ணுன்னா நான் யார்கிட்டப் போய்க் கேக்க என்றார், என்கிட்டக் கேளுங்கக்கா, நான் பொறுப்பு என்றேன். எல்லா வீட்டிலும் சொல்கிற வார்த்தைதான், பெற்றவர்கள் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள், காபி குடிக்கச் சொல்வார்கள், அதோடு அது முடிந்துவிடும். இந்த அம்மாள் அதை அப்படியே எடுத்து மடியில் முடிந்துகொள்வார் என்று நான் கண்டேனா.

ஜெயரதி போன அந்த வாரமே, ஞாயிற்றுக்கிழமை காலை, கதவு தட்டுகிற சத்தம், தட்டுவதா அது, இடிப்பது, எம்பொண்ணு போனை எடுக்க மாட்டேங்கிறா என்று நிற்கிறார், அங்க இப்ப ராத்திரிக்கா, தூங்குவா என்கிறேன், பொறுப்புன்னு சொன்னீகள்ல, எழுப்புங்க என்கிறார், எழுப்பினேன், வேறென்ன செய்ய, மகளிடம் பேசி முடித்தவர் கிளம்பவில்லை, மில்லில் பேசிப் பேசி உரத்துப்போன குரலில் இது என்ன டீச்சர் என்றார், அடுப்பங்கரையில் என் ரொட்டிப் பாக்கெட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஞாயித்துக்கெழமையும் அதுவுமா காய்ச்சக்காரி மாதிரி இதையா திங்கிறீக, உலை வைங்க, இல்ல, நகருங்க, நானே வைக்கேன். அப்படி வந்தவர்தான், எல்லா ஞாயிறும் வந்தார், மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் வந்தன, ஒரு தீபாவளிக்கு அரக்குச் சேலை வந்தது, ஜெயரதிக்கு எடுத்தது, அவ அங்க கோட்டைப் போட்டுக்கிட்டுத் திரியிறா, கட்ட ஆளு வேணும்ல, நீ கட்டு என்றார், நீங்க எப்போது நீ ஆனது என்று எனக்குத் தெரியவில்லை, கேட்கவும் இல்லை, கேட்டால் திரும்ப நீங்க என்று ஆகிவிடுமோ என்று பயம். என் தலையில் எண்ணெய் வைத்துத் தேய்க்கிறார், மாவு அள்ளி அள்ளிக் காய்த்துப்போன கை, சூடாக இருக்கிறது, கண்ணை மூடினால் நான் பாவாடை கட்டிய பிள்ளை, அம்மா முழங்காலுக்கு நடுவில் என்னை இடுக்கிக்கொண்டு ஆடாத, ஆடாத என்கிறார், இல்லை, அம்மா குரல் இவ்வளவு உரக்க இருக்காது, இது அக்கா, ஆனால் கண்ணைத் திறக்க மனசில்லை, திறக்காமலே அடி ஆத்தா, எரியுதுக்கா என்கிறேன், எரியட்டும், சூடு தணியும் என்கிறார், மகளுக்கு விழ வேண்டிய குட்டு ஒன்று என் தலையில் விழுகிறது.

மகளின் பங்கு எனக்கு என்றால் எல்லாவற்றிலும்தான் பங்கு, படிப்பு முடிந்து வேலைக்குப் போன ஜெயரதி தன்னோடு வேலை பார்க்கிற மலையாளிப் பையனைக் கட்டிக்கொள்ளப்போகிறேன் என்றபோது தெருவே கூடி வேடிக்கை பார்க்க நான் வாங்கிய திட்டு, ஐயோ, சொல்லி மாளாது, ஒன்ன நம்பித்தானடி அனுப்புனேன் என்று வாசலில் உட்கார்ந்து அழுதார், நானும் அழுதேன், அடுத்த ஞாயிறு எப்படி வரப்போகிறார், இனி வரவே மாட்டார் என்று காலையிலிருந்து வாசலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன், அயிரை மீனும் கையுமாக வருகிறார், என்ன அப்படிப் பாக்க, புளியை ஊறப்போடு என்கிறார். அவ்வளவு சந்தோஷம் என் பிள்ளைகள் யாருக்கு எங்கே இடம் கிடைத்தபோதும் எனக்கு வந்ததில்லை.

போன மாசிக்கு ஜெயரதி என்னைக் கூப்பிட்டாள், முழுகாமல் இருக்கிறாளாம், விமானத்தில் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம், அம்மா இங்க வரட்டும் மேடம், இனிமே எங்ககூடவே இருக்கட்டும், வருஷக்கணக்கா இருக்க விசா கெடைக்கும், நீங்க சொன்னாத்தான் அம்மா கேப்பாங்க என்றாள், சரிம்மா என்றுவிட்டேன், பழக்க தோஷம், வாய் தானாகச் சொல்லிவிட்டது. அந்த ஞாயிறு அக்கா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருக்கிறார், தலைப்பிரசவம் தாய் வீட்லதான், ஊரு வழக்கத்த நான் மாத்த மாட்டேன் என்கிறார், தாய் இருக்கிற எடம்தானக்கா தாய் வீடு என்கிறேன், குளிரும் என்கிறார், வீட்டுக்குள்ள ஹீட்டர் இருக்கும் என்கிறேன், மில்லு என்கிறார், ஒங்க நாத்தனார் மகன் பார்த்துக்குவான் என்கிறேன், ஒவ்வொன்றுக்கும் என்னிடம் பதில் தயாராக இருக்கிறது, ஒவ்வொரு பதிலும் எடுபடக்கூடாது என்று வேண்டிக்கொண்டே சொல்கிறேன், எடுபடுகிறது, பாழாய்ப்போன என் வாய்க்கு எதிராக எந்தப் பெற்றவர்தான் நின்றிருக்கிறார். கடைசியில் கீரையைத் தள்ளி வைத்துவிட்டு, நான் போயிட்டா ஒனக்கு யாரு இருக்கா என்று கேட்டார். எனக்கென்னக்கா, எம்பிள்ளைக உலகம் பூராம் இருக்காங்க என்று பெருமையாகச் சொன்னேன். அம்புட்டுப் பேரும் அங்கதான இருக்காக என்றார். அவர் தள்ளி வைத்த கீரையை இழுத்துக் காம்பைக் கிள்ளினேன், பிறகு, அவளுக்கு நீங்க வேணும்க்கா, பயந்துபோய்க் கெடக்கா என்று மட்டும் சொன்னேன், அது பொய்யில்லை, அக்கா என் முகத்தைப் பார்த்தார், சரி, போறேன் என்றார், எழுந்து போய் அடுப்பைப் பற்ற வைத்தார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இன்னும் தேடுகிறார், எனக்கு முன்னால் நிற்கிற பெண்ணின் மகன் அயர்லாந்துக்குப் போகிறானாம், விம்முகிறார், வழக்கமாகச் சொல்வதைச் சொல்லலாம் என்று வாயைத் திறக்கிறேன், ரெண்டு வருஷம்தானேம்மா, வரவில்லை, அவர்தான் திரும்பி என்னைப் பார்த்தார், உங்க வீட்ல யாரு போறாக, பொண்ணா பையனா என்றார், என் ஸ்டூடண்ட் என்று எத்தனையோ தடவை சொன்ன வாய், அக்கா என்று சொல்லப்போன வாய், எங்கம்மா என்றது, எங்கம்மா போறாங்க, நாந்தான் போகச் சொன்னேன். அந்தப் பெண் தன் அழுகையை விட்டுவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்தார், ஏப்பா, செத்த வழி விடுங்க, இவுக அம்மா போறாங்களாம் என்று கூட்டத்தை விலக்கி என்னை இழுத்துக்கொண்டு போய்க் கண்ணாடியோரம் நிறுத்தினார், அக்கா என்னைப் பார்த்துவிட்டார், வாய் அசைகிறது, சத்தம் இந்தப் பக்கம் வரவில்லை, திட்டுகிறார் என்பது மட்டும் நிச்சயம், எங்கடி போய்த் தொலைஞ்ச என்றுதான் இருக்கும், திட்டிக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைக்கிறார், போ, வீட்டுக்குப் போ என்று கையைக் காட்டுகிறார், திரும்பி நடக்கிறார், ஷூ பழகாத நடை, இரண்டு எட்டுக்கு ஒரு தடவை திரும்பிப் பார்த்து, போ, போ என்கிறார், நான் போகவில்லை.