கண்ணாடிக்காரியை டேக் செய்தேன்

புத்தகம் வெளிவந்து இரண்டு மாதத்தில் விற்றது நாற்பத்தொரு பிரதி. அதில் முப்பது, சொந்தக்காரர்கள் தலையில் நானே கட்டியது. மிச்சப் பதினோரு புண்ணியவான்கள் யாரென்று இன்றுவரை தெரியாது. பதிப்பாளர் நல்ல மனிதர்தான். ஆனால் போனில் பேச ஆரம்பிக்கும்முன் ஒரு பெருமூச்சு விடுவார் பாருங்கள், அதற்குப் பயந்தே நான் போன் நாலு தடவை அடித்த பிறகுதான் எடுப்பேன்.

"அம்மா, எழுதிட்டு வீட்ல உக்காந்துட்டா ஆகாது. நீங்கதான் தெருவுல இறங்கணும்."

"இந்த முட்டியை வச்சுக்கிட்டா?"

"ஃபேஸ்புக்தான்மா இப்ப தெரு. உக்காந்துக்கிட்டே இறங்கலாம்."

முதலில் ரேடியோவில் எட்டு நிமிடம் வாங்கிக் கொடுத்தார். புத்தகத்தின் பெயரை மூன்று தடவையாவது சொல்லச் சொல்லி அனுப்பினார். நான் ஆஸ்பத்திரி ஸ்டோரில் குமாஸ்தாவாக இருந்த கதை, தலைமை நர்ஸ் பூனை வளர்த்த கதை எல்லாம் சொன்னேன். அந்தப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வாசலில் செருப்பு மாட்டும்போதுதான் உறைத்தது, புத்தகத்தின் பெயரைச் சொல்லவே இல்லை.

பதிப்பாளர் அன்று இரண்டு பெருமூச்சு விட்டார். "சரி விடுங்க. படிச்சா கண்ணு கலங்குற மாதிரி ஒரு பக்கம் எடுத்து போட்டோ போடுங்க. உங்களுக்குத் துணையா நின்னவங்களை அதுல டேக் பண்ணுங்க. அவங்க ஃப்ரெண்ட்ஸ் கண்ணுல எல்லாம் படும். நூத்திப் பதினேழாம் பக்கம் போடுங்க, எனக்கே தொண்டை அடைச்சிடுச்சு."

நூற்றுப் பதினேழு என்றதும் எனக்குக் கொஞ்சம் இடித்தது. அது கண்ணாடிக்காரியின் பக்கம்.

கண்ணாடிக்காரி என் சிநேகிதி. ஆஸ்பத்திரியில் என் அறைக்கு அடுத்த துணி அறையில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவள். யார் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் "ஐயோ, கண்ணாடியை வீட்ல வச்சுட்டு வந்துட்டேனே" என்பாள். அதனால் அந்தப் பெயர். உண்மை எனக்கு மட்டும் தெரியும். அவளுக்குப் படிக்கத் தெரியாது. கையெழுத்தைக்கூட ஒரு கொடியை வரைகிற மாதிரி வரைவாள். வார்டுகளைப் போர்வை ஓரத்து நூலின் நிறத்தை வைத்துப் பிரிப்பாள், ஒரு நாளும் தப்பியதில்லை. மகன் விடுதியிலிருந்து எழுதிய கடிதங்களைத் துணி அலமாரிக்குப் பின்னால் நின்று நான்தான் படித்துக் காட்டினேன். பதிலை அவள் சொல்லச் சொல்ல எழுதியதும் நான்தான். அம்மாவின் எழுத்து என்று அவன் நம்பினான். இப்போது வெளிநாட்டில் இருக்கிறான். ஞாயிறு தவறாமல் அவளைக் கூப்பிடுவான், என்னைச் சித்தி என்பான். அவனுக்குத் தெரிந்துவிடக் கூடாது, அது ஒன்றுதான் அவள் என்னிடம் கேட்டது.

புத்தகத்தில் அவளை நான் அப்படியே விடவில்லை, ஆளையே மாற்றினேன். குள்ளமானவளை உயரமாக்கினேன். துணி அறையிலிருந்து தூக்கி ரொட்டிக் கடையில் போட்டேன். மகனை மகளாக்கினேன். அந்தக் கண்ணாடிச் சாக்கையும், சிநேகிதி எழுதிக் கொடுத்த கடிதங்களையும் மட்டும் விட மனசு வரவில்லை. இரண்டும் அவ்வளவு நன்றாக இருந்தன.

'பெயர்தான் இல்லையே' என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு காலை பத்து மணிக்கு அந்தப் பக்கத்தைப் போட்டேன். துணையாக நின்றவர்களை டேக் செய்யச் சொன்னாரே, யோசிக்கவே இல்லை, முதல் ஆளாக அவளைத்தான் செய்தேன். அவளை விட்டால் எனக்கு யார்? அதோடு அவளுக்கு ஆயிரத்துச் சொச்சம் நண்பர்கள். பெயரைப் படிக்க முடியாதவள், கேட்ட முகத்துக்கெல்லாம் சரி கொடுத்து வைத்திருந்தாள்.

பத்து நிமிடத்தில் அவளிடமிருந்து குரல் செய்தி. "அடியே எழுத்தாளரே! உன் மூஞ்சி வந்திருக்கு, கூடவே என் மூஞ்சியும் சின்னதா வருது! இதயம் போட்டுட்டேன். ஆஸ்பத்திரி குரூப்பு, குடும்ப குரூப்பு, ஒண்ணு விடாம தள்ளிட்டேன். உன் புத்தகம் இன்னிக்கு வித்தே ஆகணும், சொல்லிட்டேன்!"

அதைக் கேட்டபோதுகூட எனக்குச் சிரிப்புதான் வந்தது. பிறகு பழைய தலைமை நர்ஸ் கீழே எழுதினார்: "இது நம்ம கண்ணாடிக்காரிதானே? அப்போ அந்தக் கண்ணாடி...?"

எங்கே அமுக்குவதென்றே எனக்குத் தெரியவில்லை. தேடித் தேடிப் பதிவை அழித்தேன். அழித்து முடிக்கவும் பதிப்பாளர் கூப்பிட்டார். முதல் தடவையாகப் பெருமூச்சு இல்லை.

"அம்மா, கலக்கிட்டீங்க! ஒரு பெரிய பேஜ்ல உங்க பக்கத்தை எடுத்துப் போட்டிருக்காங்க. நாலாயிரம் பேர் பாத்தாச்சு. உங்க ஃப்ரெண்ட் பேரோட போட்டிருக்காங்க, அதான் ஜனங்களுக்குப் பிடிச்சிருக்கு. நிஜ மனுஷி!"

"எடுக்கச் சொல்லுங்க தம்பி."

"எதை?"

"அதைத்தான். உங்க கால்ல விழறேன்."

"அது என் கையில இல்லையேம்மா. இனிமே யார் கையிலயும் இல்ல." கொஞ்சம் நிறுத்தி, "ரேடியோவுல மறுபடி கூப்பிடறாங்க" என்றார்.

அந்தப் பேஜுக்கு ஆறு தடவை எழுதினேன். பார்த்ததாகக் காட்டியது, பதில் இல்லை. ஏழாவது தடவை ஒரு கட்டைவிரல் வந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று நான் யாரைக் கேட்க?

ஆட்டோ பிடித்து அவள் வீட்டுக்குப் போனேன். இரண்டாவது மாடி. படியேறி மூச்சு வாங்க நின்றபோது கதவு திறந்தே இருந்தது. கட்டில் விளிம்பில் போனை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"வந்துட்டியா? காலையிலேர்ந்து ஆள் மாத்தி ஆள் கூப்பிடறாங்கடி. யாரும் முழுசாப் பேச மாட்டேங்கறாங்க. நாத்தனார் அழுதா. 'இத்தனை வருஷமா மறைச்சுட்டியே'ங்கறா. என்னடி மறைச்சேன்?"

நான் சொன்னேன். என்ன வார்த்தை போட்டுச் சொன்னேன் என்று கேட்காதீர்கள்.

அவள் கத்தவில்லை. "நானேவா எல்லாருக்கும் தள்ளுனேன்?" என்றாள்.

"டேக் பண்ணது நான்."

"தள்ளுனது நான்."

பிறகு போனை நீட்டினாள். "புள்ளை கூப்பிடவே இல்ல. எழுத்தா ஏதோ அனுப்பியிருக்கான். எப்பவும் பேசித்தான் அனுப்புவான். படி."

வாங்கிப் பார்த்தேன். திரை நிறைய எழுத்து. ஒரு தடவை மனசுக்குள் படித்தேன். பிறகு, "நல்லா இருக்கியான்னு கேட்டிருக்கான். வேலை ஜாஸ்தியாம், அப்புறம் பேசறானாம்" என்றேன்.

என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "இவ்வளவு நீளத்துக்கு அவ்வளவுதானா? எனக்கு எழுத்துதான்டி தெரியாது, நீளம் தெரியும். முதல்லேர்ந்து படி."

படித்தேன்.

"அம்மா, இதை உனக்குச் சித்திதான் படிச்சுக் காட்டுவாங்கன்னு இப்ப தெரியும். அதனால அவங்களுக்கும் சேர்த்தே எழுதறேன். விடுதியில ஒரு தடவை மாடியிலேர்ந்து குதிச்சிடலாம்னு இருந்தேன், அதை உனக்கு மட்டும்னு எழுதினேன். நீ எழுதின பதில்தான் என்னை நிறுத்திச்சு. அந்தக் காகிதத்தை இன்னும் பர்ஸுல வச்சிருக்கேன். அது உன் எழுத்து இல்லையாமே. உனக்குப் படிக்கத் தெரியாததுல எனக்கு ஒண்ணும் வெட்கம் இல்லம்மா. ஆனா அந்தப் பதில்ல எது நீ, எது சித்தின்னு தெரியல. கொஞ்ச நாள் கூப்பிட மாட்டேன்."

"எல்லாமே நான் சொன்னதுதானே?" என்றாள்.

"ஒவ்வொரு வார்த்தையும். நான் ஒரு கமா கூடச் சேர்க்கல."

"அப்ப அதை எழுது. சொல்றேன், அப்படியே எழுது." நான் விரலை வைத்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம். அதுவும் நீ எழுதினதாத்தானே இருக்கும்."

"பேசி அனுப்பேன்."

போனை வாங்கி மைக்கை அமுக்கிப் பிடித்தாள். வாய் திறந்தது. விநாடிகள் ஓடின, பத்து, இருபது, முப்பது. தெருவில் ஒரு லாரி பின்னால் வந்து திரும்பிக்கொண்டிருந்தது, அதன் சத்தம்தான் பதிவாகியிருக்கும். விரல் வலித்ததோ என்னவோ, எடுத்துவிட்டாள். அது போய்விட்டது.

"போயிடுச்சா?"

"போயிடுச்சு."

"கேட்டுட்டானா?"

"இன்னும் இல்ல" என்றேன்.

என் பையில் பதிப்பாளர் மறுபடி அடித்துக்கொண்டிருந்தார். நான் எடுக்கவில்லை. அவள் திரையையே பார்த்துக்கொண்டு, சற்றுப் பொறுத்து மறுபடியும் கேட்டாள், "இப்ப?"