ஏழாம் அத்தியாயமும் ஆரஞ்சுத் துணுக்கும்

போன வருடம் பேராசிரியர் எழுதிய நுண்ணுயிரியல் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் நன்றி என்று ஒரு பத்தி இருந்தது. முதல் நன்றி மனைவிக்கு. அடுத்த நன்றி, அவர் எழுதும்போதெல்லாம் காலடியில் படுத்துக் கிடந்த நாய்க்கு. அதற்கும் அடுத்ததாக, ஆய்வகத்தில் உதவிய "மற்றும் பலருக்கு". அந்த மற்றும் பலர் மொத்தமே ஒரே ஒரு ஆள்தான். வாயைத் திறந்தால் வெடுக்கென்று வரும் என்பதால் அக்கா அவளுக்கு வெடுக்கு என்று பெயர் வைத்தாள். அது எப்படியோ ஆய்வகம் வரைக்கும் பரவிவிட்டது.

அவளுடைய அப்பா பேருந்துப் பணிமனையில் டயர் மாற்றுபவர். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள் இவள்தான். புத்தகம் வந்த அன்று அப்பா கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவிக்கொண்டு, முந்நூற்று நாற்பது பக்கத்தையும் விரல் வைத்துத் தேடினார்.

"எங்க பாப்பா உன் பேரு?"

"இதோ, மற்றும் பலர்னு இருக்கு பாருங்க. அதுல இருக்கேன்."

அப்பா அந்தப் பத்தியை மேலிருந்து கீழே படித்தார். "அப்ப நீ நாய்க்கு முன்னாலயா, பின்னாலயா?"

"பின்னால."

அப்பா புத்தகத்தை மூடினார். "நல்ல நாயா இருக்கும்" என்றார்.

டிவிக்கு மேலே இருந்த அலமாரித் தட்டை இந்தப் புத்தகத்துக்காகத்தான் காலி செய்து வைத்திருந்தார். அங்கிருந்த கடிகாரம் தரைக்கு இறங்கியிருந்தது. "பேரு வந்த புக்குதான் அங்க ஏறணும்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் மணி பார்க்க வேண்டுமென்றால் எல்லோரும் குனிய வேண்டும். ஒவ்வொரு தடவை குனியும்போதும் வெடுக்குக்கு வயிறு எரிந்தது. அடுத்த புத்தகத்தில் தன் பெயர் முழுசாக, எழுத்துக்கூட்டிப் படிக்கிற மாதிரி வந்தே தீர வேண்டும் என்று முடிவு கட்டிக்கொண்டாள்.

அடுத்த புத்தகம் சீக்கிரமே வந்து மாட்டியது. புதிய கிருமிக்கொல்லி மருந்துகளைப் பற்றி ஒரு பெரிய தொகுப்பு நூல், இருபத்து மூன்று அத்தியாயம், ஆளுக்கு ஒன்று. தொகுப்பாசிரியர் வேறொரு பல்கலைக்கழகத்து அம்மா, பேச்சில் கத்தரிக்கோல் வைத்திருப்பவர். ஏழாம் அத்தியாயம் நம் பேராசிரியருக்கு.

பேராசிரியரிடம் அப்போது எழுதுவதற்கு ஒரு சரக்கும் இல்லை. ஆய்வகத்துக்குப் பின்னால் கழிவுநீர்க் குழாய் ஓரத்து மண்ணில் வெடுக்கு ஒரு பூஞ்சையைப் பிடித்து வைத்திருந்தாள். அதன் சாறு தொண்டைப்புண் கிருமியைக் கொல்லுமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். வேலை ரொம்பச் சாதாரணம். தட்டில் கூழ் ஊற்றி உறைய விட வேண்டும். அதன் மேல் கிருமியைப் பரப்ப வேண்டும். நடுவில் சாற்றில் நனைத்த பொட்டு அளவு தாளை வைக்க வேண்டும். மறுநாள் தட்டு முழுக்கக் கிருமி பால் ஏடு மாதிரிப் படர்ந்திருக்கும். தாளைச் சுற்றி மட்டும் வெறும் வட்டம் விழுந்திருந்தால், அந்த இடத்தில் கிருமி செத்தது, சாறு பலித்தது என்று அர்த்தம். பூஞ்சைச் சாறு பலிக்கவில்லை. தாளைச் சுற்றிக் கிருமிகள் ஆனந்தமாகக் குடித்தனம் நடத்தின.

ஒருநாள் பேராசிரியர் வந்தார். அவருக்கு நாள்பட்ட தொண்டைக் கரகரப்பு உண்டு. தொண்டை மிட்டாய் இல்லாமல் அவர் வாயைப் பார்த்தவர்கள் கிடையாது. மற்றவர்கள் மாதிரிச் சப்ப மாட்டார், கடக் முடக்கென்று கடித்துத் தின்பார். "நீ வைக்கற முறையே தப்பும்மா, தள்ளு" என்று தட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, முகக்கவசமும் போடாமல், பொறுமையின் பெருமை பற்றி இருபது நிமிடம் பேசிக்கொண்டே தாளை வைத்தார். இடையிடையே கடக், முடக்.

மறுநாள் அந்தத் தட்டில் அருமையான வெற்று வட்டம் விழுந்திருந்தது. ஆனால் தாளைச் சுற்றி அல்ல, தாளிலிருந்து இரண்டு விரல் தள்ளி. அதன் நடுவில் குண்டூசித் தலை அளவுக்கு ஓர் ஆரஞ்சுப் புள்ளி.

"சார், தாள் இங்க இருக்கு. வட்டம் அங்க இருக்கே?"

"அதுதான்மா புதுமை! இது ஒரே எடத்துல உக்காந்திருக்கற மருந்து இல்ல. தானா நகர்ந்து போய்க் கிருமியைத் தேடிப் புடிக்குது."

"நடந்தா போகுது?"

"நீ எல்லாத்துக்கும் வெடுக்குனு கேக்காத. படம் எடு."

அந்த வாரமே பேராசிரியர் தன் பெயரின் பாதியோடு ஒரு வாலை ஒட்டி மருந்துக்குப் பெயர் வைத்துவிட்டார். மிச்ச வேலை வெடுக்குக்கு: அதை இன்னொரு தடவை செய்து காட்ட வேண்டும். கையுறை, முகக்கவசம், தலைக்குத் தொப்பி, சுத்தக்காற்றுப் பெட்டி, மூச்சைக்கூட எண்ணி விட்டு, பதினான்கு தடவை செய்தாள். பதினான்கு தடவையும் கிருமிகள் குடித்தனம்தான் நடத்தின.

"உன் கை சரியில்ல" என்றார் பேராசிரியர். "ஆராய்ச்சிக்குன்னு ஒரு கை இருக்கும்மா. அது சில குடும்பத்துல தலைமுறை தலைமுறையா வரும்."

அப்பாவின் கை அவளுக்கு நினைவுக்கு வந்தது. அன்று மூன்று கண்ணாடிக் குடுவை உடைந்தது. தவறி விழுந்ததாகப் பதிவேட்டில் எழுதினாள்.

அத்தியாயத்தை முழுக்க அவள்தான் எழுதினாள். படம், அட்டவணை, அடிக்குறிப்பு, மேற்கோள் நூல் நூற்றுப் பதினொன்று, எல்லாம் அவள். பேராசிரியர் சேர்த்தது ஒரே ஒரு பக்கம். எழுதி முடித்த அன்று நேராக அவர் மேஜை முன் போய் நின்றாள்.

"சார், ஆசிரியர் எடத்துல என் பேரு வரணும்."

"நன்றியில போடறேனே. இந்தத் தடவை பேரோட போடறேன்."

"நாய்க்கு முன்னாலயா சார்?"

"என்னம்மா இது, ஒரு மரியாதை வேணாம்?"

"மரியாதையாத்தான் சார் கேக்கறேன். மூலக் கோப்பு என் கம்ப்யூட்டர்ல இருக்கு. கடவுச்சொல் ரொம்ப நீளம். எனக்கே அடிக்கடி மறந்து போகுது."

பேராசிரியர் ஒரு மிட்டாயைக் கடித்தார். அரைமணி நேரம் முனகினார். கடைசியில் அவருடையதற்கு அடுத்து அவள் பெயரும் ஏறியது. வீட்டில் சொன்னதும் அப்பா அலமாரித் தட்டை இன்னொரு தடவை துடைத்தார்.

அச்சுக்குப் போகுமுன் சரிபார்க்கிற பக்கங்கள் வந்தன. அவற்றைத் தூக்கிக்கொண்டு அக்கா வேலை பார்க்கும் மருந்துக்கடைக்குப் போனாள். அக்கா பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவள். தங்கை படிக்கட்டும் என்று கடைப் பலகைக்குப் பின்னால் போய் நின்றவள். எந்த மருத்துவரின் கிறுக்கல் கையெழுத்தும் அவளிடம் தப்பாது. மாத்திரையின் நிறத்தைப் பார்த்தே வியாதியைச் சொல்லிவிடுவாள்.

மதியம், கூட்டமில்லை. அக்கா பக்கங்களைப் புரட்டி, பேராசிரியர் சேர்த்த பக்கத்தைச் சத்தமாகப் படித்தாள்.

"'இப்பொருள் அடர் ஆரஞ்சு நிறமுடையது. ஆரஞ்சுத் தோலையும் புதினாவையும் ஒத்த இதமான மணம் வீசுவது. நீரில் மெல்லக் கரைவது. தொண்டைப் பகுதியைத் தாக்கும் கிருமிகள் மேல் சிறப்பாகச் செயல்படுவது.'" அக்கா நிமிர்ந்தாள். "ஏய் வெடுக்கு, இதுவாடி புதுசாக் கண்டுபுடிச்ச மருந்து?"

"ஆமா. ஏன்?"

அக்கா எழுந்திருக்கக்கூட இல்லை. உட்கார்ந்த வாக்கிலேயே பின்னால் கையை நீட்டி, அலமாரியிலிருந்து ஓர் அட்டையை உருவி மேஜைமேல் போட்டாள். பளபளவென்று எட்டு ஆரஞ்சு வில்லைகள்.

"இத நான் நாலு வருஷமா வித்துக்கிட்டிருக்கேன். உங்க சாரு வாரத்துக்கு ஆறு அட்டை வாங்குவாரு."

வெடுக்குக்கு அந்த இருபது நிமிடச் சொற்பொழிவு கடக் முடக் சத்தத்தோடு காதில் ஓடியது. திறந்த தட்டு. மேலே குனிந்த முகம்.

"அக்கா… நகர்ந்து போகலக்கா."

"எது?"

"மருந்து. அது தெறிச்சிருக்கு!"

அக்கா சிரித்த சிரிப்பில், இருமல் மருந்து வாங்க வந்த பெரியவர் இருமலை மறந்து பார்த்தார். வெடுக்குக்குச் சிரிப்பு வரவில்லை. அட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

"நில்லுடி. இத மட்டும் வச்சுப் பாத்தா என்ன தெரியும்? வேற ரெண்டு கம்பெனி மிட்டாயும் எடுத்துக்கோ. மருந்தே இல்லாத வெறும் சக்கர மிட்டாயும் ஒண்ணு எடுத்துக்கோ. கொன்னது சக்கரையா மருந்தான்னு தெரிய வேணாமா?"

பட்டம் வாங்கிய தங்கை வாயைப் பிளந்து நின்றாள். அந்தக் கேள்வியைக் கேட்கப் பேராசிரியருக்கு முப்பது வருட அனுபவம் போதவில்லை.

பேராசிரியர் கூட்டத்துக்குப் போயிருந்த நாளாகப் பார்த்து வெடுக்கு வேலையை ஆரம்பித்தாள். ஐந்து தட்டு, எல்லாவற்றிலும் அதே தொண்டைக்கிருமி. முதல் தட்டின் மேல் வெறும் வாயோடு நின்று, ஏழாம் அத்தியாயத்தைச் சத்தமாகப் படித்தாள். அடுத்ததற்குச் சர்க்கரை மிட்டாயைக் கடித்துக்கொண்டு படித்தாள். அதற்கடுத்த இரண்டுக்கு வேறு கம்பெனி மிட்டாய்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் வாயை நன்றாகக் கொப்பளித்தாள். கடைசித் தட்டுக்கு ஆரஞ்சு மிட்டாயைக் கடக் முடக்கென்று கடித்து, கையை ஆட்டி, பொறுமையின் பெருமையையும் சேர்த்துப் பேசினாள். "உன் கை சரியில்ல" என்ற வரியைப் பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று தடவை சொன்னாள். அதில்தான் நிறையத் தெறித்தது. கதவருகே வந்த துப்புரவு அக்கா, "கண்ணு, வீட்டுல ஏதாச்சும் பிரச்சினையா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார்.

மறுநாள் வெறும் வாய்த் தட்டில் தொண்டைக்கிருமியோடு அவள் வாயில் குடியிருந்த நாலைந்து புதுக் கிருமிகளும் விருந்தாடிக்கொண்டிருந்தன. சர்க்கரைத் தட்டிலும் அதே கதை. மற்ற இரண்டு கம்பெனிகளும் சுமார். ஆரஞ்சுத் தட்டில் ஏழு புள்ளி, ஏழு வட்டம். அளந்து பார்த்தாள். ஏழாம் அத்தியாயத்துப் படத்தில் இருந்த அதே வட்டம்.

சரிபார்த்த பக்கங்களில் கையெழுத்துப் போட்டு அனுப்ப அன்றுதான் கடைசி நாள். சும்மா இருந்தால் பெயர் புத்தகத்தில் வந்துவிடும். கடிகாரத்தைத் தள்ளிவிட்ட இடத்தில் புத்தகம் ஏறிவிடும். பேசினால் அத்தியாயமே போய்விடும், பெயரும் அதோடு போகும். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒருமணி நேரம் உட்கார்ந்திருந்தாள். பேராசிரியர் மானம் போகுமே என்ற கவலை அவளுக்கு ஒரு துளியும் இல்லை. ஆனால் இந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு வேறு ஏதோ ஓர் ஊரில், வேறு ஏதோ ஓர் ஆய்வகத்தில், இன்னொருத்தி முகக்கவசம் போட்டுக்கொண்டு பதினான்கு தடவை செய்வாள். பதினான்கு தடவையும் வராது. அவளிடமும் ஒருவர் வந்து, உன் கை சரியில்லை என்பார்.

பேனாவை மூடினாள். தட்டுகளை எடுத்துக்கொண்டு பேராசிரியர் அறைக்குப் போனாள்.

அவர் பார்த்தார். கடிப்பது நின்றது. "இதுவும்… நகர்ந்து போய்…"

"நகரல சார். தெறிச்சுது. மருந்துக்கடையில அட்டை அட்டையா விக்கிறாங்க. என் கை நல்லாத்தான் இருக்கு சார், உங்க வாய்தான் சரியில்ல."

பேராசிரியர் வாயிலிருந்த மிட்டாயை அப்படியே விழுங்கினார். பிறகு பேராசிரியரின் முகத்தில் மெல்ல ஓர் ஒளி பரவியது. "நான் யோசிச்சுப் பாத்தேம்மா. இந்த அத்தியாயத்துல முழு உழைப்பும் உன்னோடது. அதுல என் பேரு இருக்கறது நியாயமே இல்ல. உன் பேரு மட்டும் இருக்கட்டும். நான் பெருந்தன்மையா வெலகிக்கறேன்."

முழு உழைப்பும் உன்னோடது என்ற வார்த்தையைத்தான் ஒரு வருடமாக அவள் எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள். அதை இப்படி ஒரு நாளில் கொண்டுவந்து நீட்டுகிறாரே என்று அவளுக்குக் காது மடல் வரைக்கும் சூடேறியது.

"சந்தோஷம் சார். எழுத்துல குடுங்க."

கொடுத்தார். ரொம்ப வேகமாகக் கொடுத்தார். அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, அவர் எதிரிலேயே தொகுப்பாசிரியர் அம்மாவுக்குப் போன் போட்டு, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். பேராசிரியர் மேஜைக்கு அடியில் எதையோ தேடப் போனவர் மேலே வரவேயில்லை.

எதிர்முனையில் இருமல் மாதிரி ஒரு சத்தம். சிரிப்பு.

"பொண்ணே, என்கிட்ட வெற்றிக்கதை இருபத்திரண்டு இருக்கு. எல்லாரும் கண்டுபுடிச்சவங்க. ஏமாந்தவங்க ஒருத்தர்கூட இல்ல. மாணவர்களுக்கு வேண்டியது அதுதான். எப்படி ஏமாந்தீங்க, எப்படிப் புடிச்சீங்க, அந்த அஞ்சு தட்டையும் வச்சு அப்படியே எழுதிக் குடு. பத்து நாள்தான். முடியுமா?"

"அஞ்சு நாள் போதும் மேடம். இன்னொரு பேரும் வரும், பரவாயில்லையா? சக்கர மிட்டாயையும் வச்சுப் பாருன்னு சொன்னது எங்க அக்கா."

"அவங்க எந்தப் பல்கலைக்கழகம்?"

"மருந்துக்கடை மேடம்."

"அதையும் அப்படியே போடு."

புத்தகம் வந்த அன்று அப்பா கையை மூன்று தடவை கழுவினார். விரல் வைத்துத் தேட வேண்டிய வேலையே இல்லை, ஏழாம் அத்தியாயத்தின் தலையிலேயே இரண்டு பெயர், ஒன்றன்கீழ் ஒன்று. அப்பா இரண்டையும் எழுத்துக்கூட்டிப் படித்தார். மறுபடி படித்தார். அக்கா, "எனக்கு எதுக்குடி இதெல்லாம்" என்று சொல்லிக்கொண்டே புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தாள்.

பிஸ்கட் தொழிற்சாலையில் அப்போதுதான் ஷிப்ட் முடிந்து வந்த அம்மா, அத்தியாயத்தின் கடைசியில் இருந்த சின்ன எழுத்தைக் காட்டி, "இது என்னடி?" என்றாள். வெடுக்கு படித்துக் காட்டினாள்.

"'பேராசிரியரின் நாய்க்கும், தக்க தருணத்தில் வாயைத் திறந்து இந்த ஆய்வுக்கு மூலப்பொருள் வழங்கிய பேராசிரியருக்கும் எங்கள் நன்றி.'"

தொகுப்பாசிரியர் அம்மா அந்த வரியை மூன்று தடவை படித்துவிட்டு ஒரு கால்புள்ளியை மட்டும் திருத்தினாராம்.

அப்பா புத்தகத்தை அலமாரியில் ஏற்றினார். எட்ட நின்று பார்த்து, கொஞ்சம் சாய்த்து வைத்தார். கடிகாரம் தரையிலேயே கிடந்தது.

"எல்லாம் சரிடி" என்றாள் அம்மா. "இதுல அந்த நாய் என்ன செஞ்சுது?"

"ஒண்ணுமே செய்யலம்மா" என்றாள் வெடுக்கு. "அதுக்குத்தான் நன்றி."